எதிர்வீட்டு விளக்கும் என் ஃபில்டரும்

போன டிசம்பரில், பெங்களூர் ஜோகுபாளையத்தில் நான் குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது இது. வானத்தைப் படம் பிடிக்கும் பைத்தியம் எனக்கு. தெருவிளக்குகளின் வெளிச்சத்தில் எங்கள் வானம் எப்போதும் சாம்பல் பூசியது போல இருக்கும். அந்த வெளிச்சத்தைத் தடுக்கும் என்று கேள்விப்பட்டு ஒரு ஃபில்டர் வாங்கினேன். கூட வந்த காகிதத்தைப் படிக்கப் பொறுமை ஏது? டெலஸ்கோப்பில் மாட்டிவிட்டேன்.

மூன்று நாள் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியை எடுத்தேன். மங்கலாக ஒரு கறைதான் விழுந்தது. பழி போட எதிர்வீட்டுப் படிக்கட்டு விளக்கு கிடைத்தது. அங்கே மாடியறையில் இருக்கும் அக்கா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறவர். ஷிஃப்ட் முடிந்து ராத்திரி எட்டரைக்கு வருவார். உங்கள் விளக்கால் என் படமெல்லாம் பாழாகிறது என்று அவரிடம் கொஞ்சம் முறைப்பாகவே சொன்னேன்.

“லைட்டாலயா வரல? பர்வாகில்ல தம்பி, ஆஃப் பண்ணிடறேன். தெனம் ஏறுற படிதானே” என்றார்.

விளக்கு அணைந்தது. படம் அப்படியேதான் இருந்தது. நான்காம் நாள் தடாலென்று சத்தம். இருட்டில் படி தவறி அக்கா விழுந்து கிடந்தார். ஓடிப்போய்த் தூக்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் கணுக்கால் வீங்கி, ஒரு வாரம் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை.

மனசு கேட்காமல், எங்கள் வானியல் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டு என்ன தப்பு என்று கேட்டேன். “கேலக்ஸிக்கு ஏன் இந்த ஃபில்டர் போட்டீங்க?” என்று ஒருவர் திருப்பிக் கேட்டார். அது நெபுலா என்னும் விண்வெளி மேகங்களில் ஒளிரும் வாயுக்களின் ஒன்றிரண்டு நிறங்களை மட்டும் உள்ளே விடுமாம். கேலக்ஸி என்பது நட்சத்திரக் கூட்டம். அதன் வெளிச்சத்தில் பெரும்பகுதியை என் ஃபில்டரே தடுத்துக்கொண்டிருந்தது. இதற்காகவா ஒருவரை இருட்டில் படியேற வைத்தேன்? வெட்கத்தில் குறுகிப்போனேன்.

மறுநாள் போய் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அக்கா சிரித்துவிட்டார். “இவ்ளோ படிச்சிருக்கே, கூட வந்த பேப்பர படிக்கலையா தம்பி?”

நானே அந்த விளக்கைப் போட்டேன். அதன் வெளிச்சம் படாதபடி டெலஸ்கோப்பைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நகர்த்தினேன். இரண்டு நிமிட வேலை.

ஜனவரியில் அதே ஃபில்டரோடு ஓரியன் நெபுலாவை எடுத்தேன். எதிரே விளக்கு பளிச்சென்று எரிய, திரையில் சிவப்பாக விரிந்தது படம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தவர், “இதெல்லாம் நம்ம ஜோகுபாளையத்து மேலயா இருக்கு?” என்றார்.

யாராவது விட்டுக்கொடுத்தால்தான் என் வேலை நடக்கும் என்று இப்போதெல்லாம் தோன்றினால், எனக்கு முதலில் என் மேல்தான் சந்தேகம் வருகிறது.