அறுநூற்று நாற்பது அடி

எங்கள் ஊரில் ஓர் ஆழ்துளைக் கிணறு வற்றியதில் எனக்குப் பங்குண்டு. நான் ஒரு சொட்டுக்கூட இறைக்கவில்லை. தட்டச்சு மட்டும் செய்தேன்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். அறிவைப் பூட்டி வைக்கக் கூடாது என்று வருடந்தோறும் மாணவர்களிடம் சொல்லி, அவர்கள் கொட்டாவியை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொள்பவன். சொல்வதோடு நின்றிருக்கலாம். ஒரு கோடை விடுமுறையில், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்கிற இணைய வரைபடம் ஒன்றில் எங்கள் ஊர்ப் போர்களை, அதாவது ஆழ்துளைக் கிணறுகளை, ஏற்ற ஆரம்பித்தேன். எந்தத் தோட்டத்தில் எத்தனை அடியில் தண்ணீர் என்று தெரிந்தால், இல்லாதவர்கள் வெறும் பாறையைத் துளைத்து, அதற்காக அடகு வைத்த நகையை இழக்க மாட்டார்கள் அல்லவா?

ஆனால் எங்கள் ஊரில் போரின் ஆழத்தை யாரும் மெய்யாகச் சொல்வதில்லை. நன்றாகத் தண்ணீர் வந்தவர்தான், "ஆயிரம் அடி போயும் புழுதிதானுங்க" என்று முகத்தைத் தொங்கப் போடுவார். கேட்டவரும் பாதி நம்பி, தானும் போர் போடும் ஆசையை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைப்பார். இதை நான் அறியாமை என்று நினைத்தேன்.

எனவே போர் போடும் ரிக் வண்டியின் மேனேஜரைப் பிடித்தேன். எத்தனை பைப் இறங்கியது, எந்த அடியில் தண்ணீர் வந்தது என்பதெல்லாம் அவர் நோட்டில் இருக்கும். ஒரு டீக்கு நோட்டைக் கொடுத்தார்.

"எதுக்குங்க சார் இதெல்லாம்?"

"எல்லாருக்கும் தெரியட்டுமுங்க."

"தெரிஞ்சா?"

நான் பக்கங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். அது நல்ல கேள்வி என்று பிறகுதான் உறைத்தது.

பக்கத்துத் தோட்டத்து அக்கா, கணவர் போன பிறகு இரண்டு ஏக்கர் மரவள்ளியையும் மூன்று எருமைகளையும் தனியாகப் பார்த்துக்கொண்டவர். தன் போர் ஆயிரத்து இருநூறு அடி என்றுதான் எப்போதும் சொல்வார். நோட்டில் அறுநூற்று நாற்பது இருந்தது. ஒரு பொய்யைத் திருத்திய பெருமையோடு அதை ஏற்றினேன்.

அவர் வேலிக்கு அந்தப் பக்கம் கோழிப்பண்ணை. அதன் முதலாளி படித்தவர். ஊரிலேயே என் வரைபடத்தைத் திறந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஆவணியில் வேலியோரம் இரண்டு ரிக் வண்டிகள் வந்து நின்றன. அறுநூற்று நாற்பதில் தண்ணீர் வந்தது. அவர் நிறுத்தவில்லை, ஆயிரத்தைத் தாண்டிப் போனார். தகவல் இரண்டு தோட்டத்துக்கும் இலவசம்தான். அத்தனை ஆழத்துக்கு இறக்கும் பைப் இலவசமில்லை.

தை பிறப்பதற்குள் அக்காவின் குழாயில் காற்றுதான் வந்தது. மரவள்ளி இலை உதிர்த்தது. எருமைகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின. மூன்றாவது போன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

"அக்கா, அந்த ஆழத்தை எழுதுனது நானுங்க."

"தெரியுமுங்க சாமி. பண்ணைக்காரரே சொன்னாரு. உங்களை ரொம்பப் பெருமையாச் சொன்னாரு."

"நீங்க ஏனுங்க ஆயிரத்து இருநூறுன்னு சொல்லிட்டிருந்தீங்க?"

"பின்ன? இருக்கறதச் சொன்னா இருக்குமுங்களா?"

அதை அழித்துவிடுகிறேன் என்றேன். உடனே, நான் அழித்தாலும் பிறர் எடுத்துவைத்த நகல்கள் அழியாது, அதுதான் அந்த ஏற்பாட்டின் சிறப்பு என்பதையும் விளக்கத் தொடங்கினேன். வாத்தியார் புத்தி. சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டியபடி அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

ஒரு வாரம் கழித்து, வரிசையாக வைத்த காலிக் குடங்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என் வண்டியை நிறுத்தினார்.

"ஏனுங்க சாமி, நம்மூட்டுப் பக்கம் தண்ணி லாரி எப்ப வரும்னு அந்தப் படத்துல போட்டிருக்குமுங்களா?"