துண்டுக்குப் பயந்த குதிரை

எங்கள் நைனா திருத்தணி ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தார். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது பழைய குதிரை செத்துப்போக, ஆர்.கே.பேட்டைப் பக்கம் போய் ஒரு செவலைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆடிக் கிருத்திகைக்குள் வண்டிக்குப் பழகாவிட்டால் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று பேச்சு. கிருத்திகைக்கு இருபது நாள்தான் இருந்தது. கிருத்திகை நாட்களின் ஓட்டத்தை நம்பித்தான் எங்கள் வீட்டில் பாதிக் காரியம் நடக்கும்.

குதிரையோ நைனா கிட்டே போனாலே காதை மடக்கிக்கொண்டு கொல்லைச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. நைனா நல்லவர்தான், ஆனால் அவருக்கு வாயைவிடக் கை முந்தும். மூன்றாம் நாள் சாட்டையை எடுத்தார். குதிரை ஒரே உதையில் தண்ணீர்த் தொட்டியை உடைத்தது.

"நாளைக்கே இந்தச் சனியன ஓட்டிக்கினு போய் வுட்டுட்டு வரேன்" என்று கத்தினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் நான் அதற்கு லட்சுமி என்று பெயர் வைத்து, பள்ளிக்கூடத்தில் பாதிப் பேரிடம் பெருமையடித்தும் விட்டிருந்தேன்.

"கொஞ்ச நாள் எங்கிட்ட வுடுங்க" என்றாள் அம்மா. அதுவரை குதிரைக்குப் புல்கூடப் போட்டறியாதவள். நைனா சிரித்தார். இருந்தாலும் விட்டார்.

அம்மா தறிக்காரர்களுக்கு ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பவள். மறுநாள் ராட்டையைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போய், குதிரைக்கு எட்டாத தூரத்தில் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நூல் சுற்றினாள். அவ்வளவுதான். அடுத்த நாள் ராட்டையைக் குதிரைப் பக்கமாக ஒரு முழம் பின்னுக்குத் தள்ளிப் போட்டாள். அதற்கடுத்த நாள் இன்னொரு முழம். நான் வயிற்றுவலி என்று பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு இந்த வித்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ அத்தப் பாக்கவே மாட்டேன்றியேம்மா, எப்பிடிப் பழகும்?"

"அது என்னப் பாத்துகினு கீது இல்ல? போதும்."

ஆறாம் நாள் குதிரை கழுத்தை நீட்டி அம்மாவின் கொண்டையை முகர்ந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அம்மா திரும்பவில்லை, ராட்டையும் நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் நைனா கொல்லைக்கு வந்தார். எங்கே நுழைந்தாலும் தோள்துண்டை எடுத்துப் பட்டென்று ஓர் உதறு உதறிப் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். உதறினார். குதிரை வெடவெடவென்று நடுங்கியது. அம்மா ராட்டையை நிறுத்தினாள்.

"துண்ட உதறாதீங்க. கைய ஓங்குறாப்பல கீது அதுக்கு. துண்ட வீட்லயே வச்சிட்டு, கையத் தொங்கப்போட்டுகினு வாங்க."

துண்டில்லாமல் நைனாவை நான் பார்த்ததே இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மாப்பிள்ளைப் பையன் மாதிரி கூச்சத்தோடு வந்து நின்றார். நாலைந்து நாளில் குதிரை அவர் கையிலிருந்து கொள்ளு தின்றது. பிறகு கழுத்துப் பட்டைக்கும் வண்டிக்கும் சம்மதித்தது.

கிருத்திகையன்று வண்டியின் முன்பக்கம் நைனாவை ஒட்டி நான் உட்கார்ந்திருந்தேன். கோயில் குளத்துப் பக்கம் போனால், குளித்துக் கரையேறிய அத்தனை பேரும் ஈரத்துண்டை உதறிக்கொண்டிருந்தார்கள்! குதிரை நட்டநடு ரோட்டில் நின்று நடுங்கியது. பின்னால் வந்த வண்டிக்காரர்கள் திட்டினார்கள். நைனாவின் கை சாட்டைக்குப் போனது. எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் கீழே இறங்கி, அதன் கழுத்தில் கை வைத்து நின்றிருந்தார். நடுக்கம் அடங்கும்வரை அசையவில்லை. அப்புறம் பக்கத்திலேயே நடந்து அடிவாரம்வரை கூட்டிக்கொண்டு போனார். லட்சுமி எங்களுக்கே ஆனது.

"துண்டுதான்னு உனக்கு எப்பிடிம்மா தெரிஞ்சிது?" என்று அன்று ராத்திரி கேட்டேன்.

"பாத்தாலே தெரியுதேடி" என்றாள், கொள்ளு புடைத்துக்கொண்டே.

அப்போதுதான் நைனா சந்தோஷமாக உள்ளே வந்தார். அம்மாவின் தலைக்கு மேலே இருந்த ஆணியில் சாட்டையை மாட்டக் கையைத் தூக்கினார். அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பித் தோளைக் குறுக்கிக்கொண்டாள். கண் இமைக்கும் நேரம்தான். மறுபடி முறத்தை ஆட்டத் தொடங்கிவிட்டாள். நைனாவின் கை மட்டும் அந்தரத்தில் நின்றது. பிறகு சாட்டையைத் தரையில் மெதுவாக வைத்தார்.

மறுநாளிலிருந்து அவர் வெளியே தெருவில் நின்று துண்டை உதறிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தார். குதிரை கொல்லையில் அல்லவா இருக்கிறது, இவர் ஏன் தெருவிலேயே உதறிவிட்டு வருகிறார் என்று நான் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.