சமோவாருக்காக அழுதவர்கள்

அவளை ரேடியோ என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவள் வாய்விட்டுப் படித்தால் தெருவில் போகும் பேருந்து நின்று கேட்டுவிட்டுப் போகும் என்பார்கள். அது பொய். வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்துப் பிசிறு வெட்டும் அறையில் அவளுக்கு வேலை. அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. ஒருத்தி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து கதை படிப்பாள். அவள் பங்குச் சட்டைகளை மற்றவர்கள் பிரித்துத் தைத்துக்கொள்வார்கள். புரியாத வார்த்தைக்கு அர்த்தம் சொல்வதும் படிப்பவள் பாடு. எட்டாவதோடு படிப்பை விட்ட ரேடியோவுக்கு அந்த நாற்காலிதான் பள்ளிக்கூடம். அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அந்த வாரம் ஒரு பழைய ரஷ்யக் கதை. பனியில் மாட்டிக்கொண்ட குதிரைவண்டிக்காரனைப் பற்றியது. தொடக்கத்திலேயே, ‘மூலையில் சமோவார் முனகிக்கொண்டிருந்தது’ என்று வந்தது.

“சமோவார்னா என்னடி?” என்றாள் அறையில் மூத்தவளான பெரியக்கா.

ரேடியோ கண்ணைக்கூட இமைக்கவில்லை. “நாய்க்கா. அந்த ஊரு நாய்.”

வண்டிக்காரன் மனைவி சமோவாருக்குத் தண்ணீர் ஊற்றினாள்; எல்லோரும் தலையாட்டினார்கள். விடியும்போது சமோவார் குளிர்ந்து கிடந்தது. பெரியக்கா மூக்கைச் சிந்தினாள். தான் விட்ட கதையை ரேடியோவே நம்பிவிட்டாள். அடுத்த வரியை விம்மலோடு படித்தாள்: ‘அவள் சமோவாரின் குழாயைத் திருகிப் பார்த்தாள்.’

கதவோரம் இஸ்திரி போடுகிற அண்ணன் கேட்டார்: “ஏம்மா ரேடியோ, நாய்க்குக் குழாய் எந்தப் பக்கம்?”

அன்றைய சிரிப்பில் கூரைத் தகடு ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தது.

பெரியக்கா மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப நான் என்னத்துக்குடி அழுதேன்? நாளைக்கு மிச்சத்த ஒழுங்கா அர்த்தத்தோட படி. இன்னொரு தடவை கதை விட்டே, நாற்காலி வேற ஆளுக்கு.”

வேலை விட்டதும் ரேடியோ நூலகத்துக்கு ஓடினாள். கதவைச் சாத்த வந்த அம்மாளிடம், “அகராதியக் காட்டுங்க மேடம், இல்லாட்டி நானும் உள்ளயே கெடக்கேன்” என்றாள். படத்தில் சமோவார், தொந்தி பெருத்து, அடியில் குழாயோடு, தேநீருக்குத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரமாக நின்றது. கதையில் அடுத்து வரும் வெர்ஸ்ட் என்பது ஒரு கிலோமீட்டரைவிடச் சற்று நீளம். ஸ்தெப்பி என்பது மரமற்ற புல்வெளி. ‘துலூப்’ மட்டும் எங்கும் அகப்படவில்லை. அதனால் கதையையே திரும்பத் திரும்பப் படித்தாள். பேருந்தில் படித்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டாள். திரும்பி வந்த பேருந்திலும் தவறவிட்டாள்.

மறுநாள் வெர்ஸ்ட்டும் ஸ்தெப்பியும் தடங்கலின்றிப் போயின. பிறகு, ‘வண்டிக்காரன் துலூப்பைக் கழற்றிக் குதிரைக்குட்டிமேல் போர்த்தினான்.’

“துலூப்புன்னா?” என்று இஸ்திரி அண்ணன் பாய்ந்தார்.

“தெரியாது.”

“போச்சுடா!”

“இருங்கண்ணே. அகராதில இல்ல. ஆனா அதோட ஆட்டு ரோமத்துல பனி ஒட்டுச்சுன்னு முன்னாடியே வந்துச்சு. கழட்டின உடனே ஆளு நடுங்குறான். குட்டிய முழுசா மூடுது. அப்ப கால் வரைக்கும் வர்ற ஆட்டுத்தோல் கோட்டா இருக்கணும். இது என் ஊகம். நேத்து மாதிரி இல்ல, ஊகம்னு சொல்லிட்டேதான் சொல்றேன்.”

எல்லோரும் பெரியக்காவைப் பார்த்தார்கள். அவள் மடியிலிருந்த சட்டைத் துணியை விரலால் நெருடினாள்.

“ஆட்டுத்தோல்ல எப்படிடி ஊசி எறங்கும்?”

“கோணி ஊசிதான்க்கா.”

“ம். குட்டி பொழச்சுதா?”

“சொல்ல மாட்டேன்.”

“அப்ப படிச்சுத் தொலை. அடுத்த கதையும் நீயே படி.”

ரேடியோ பக்கத்தைத் திருப்பினாள்.