இரண்டு முனையும் தெரிய ஒரு படம்

பத்தாவதுக்கு மேல் படிக்காத நான் பயணக் கட்டுரை எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். போன தூரமும் பெரியதல்ல. வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம், சுமார் பதினேழு கிலோமீட்டர். விமானம் ஏறிப் போனவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதைப் படித்தால் சப்பென்று இருக்கும். ஆனால் கோயிலையும் பட்டுக் கடையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நான் போன தெருவுக்குள் வந்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு தைரியத்தில் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை நாலரை. தையல் கடை வேலையை முடித்துவிட்டுப் பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்தில் ஏறினேன். பக்கத்தில் கீரைக்கூடையோடு ஒரு அம்மா.

"எங்கம்மா, கோயிலுக்கா?"

"தங்கச்சி வீட்டுக்கு. அவங்க தெருவுல போட்டோ கண்காட்சி. தெருக்காரங்களே அவங்க தெருவ எடுத்தது."

"தெருவுல இன்னா இருக்குது போட்டோ எடுக்க?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அறுவடை முடிந்த வயல்களின் மேல் வெயில் சாய்ந்து, ஊரே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் மெல்ல ஆடிக்கொண்டு வந்தது. அந்த அம்மா எப்போது இறங்கினார் என்றுகூடப் பார்க்கவில்லை.

பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். தங்கை விஜயாவின் தெரு நெசவாளர் தெரு. உள்ளே நுழைந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஒரு வீட்டின் தட்டு அடங்குவதற்குள் அடுத்த வீட்டுத் தட்டு வந்து சேரும். நடக்க நடக்க என் கால்களும் அந்தத் தாளத்துக்குப் போய்விட்டன.

செல்போன் பழுது பார்க்கும் சதீஷ்தான் இந்த ஏற்பாட்டுக்குத் தலைவர். முதலில் எல்லோரும் கோபுரத்தையே எடுத்துக்கொண்டு வந்தார்களாம். "கோபுரத்த எடுக்கறதுக்கு வெளியூர்லேர்ந்தெல்லாம் ஆள் வர்றாங்கக்கா. நம்மள எடுக்க நாமதான் இருக்குறோம்" என்றார். வீட்டுக்கு ஒரு படம், ஞாயிறு மாலை தெருவில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். படத்தில் இருப்பவர் சம்மதிக்காவிட்டால் அது தொங்காது.

விஜயாவின் சிக்கல் அங்கேதான். அவள் எடுத்த படத்தில் இருந்தது எதிர்வீட்டு நாகம்மா. விடியற்காலையில் பட்டு நூல் பாவின் முனையைப் பிடித்தபடி, பாதி முகத்தில் வெயிலோடு நிற்கிறார். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் இரண்டு வீட்டுக்கும் ஆறு வருடமாகப் பேச்சில்லை. விஜயாவின் வீட்டுக்காரர் அவசரமாக வண்டியில் வந்து, தெருவில் விரித்திருந்த நாகம்மாவின் பாவில் ஹேண்டில்பாரைச் சிக்கவைத்து இழைகளை அறுத்துவிட்டார். அவர் மன்னிப்புக் கேட்டார். "தெரு இன்னா உங்க அப்பன் ஊட்டுதா?" என்று நாகம்மாவைக் கேட்டது என் தங்கை.

"நீ போய்க் கேளுக்கா. உன்ன பாத்தா யாருக்கும் கோவம் வராது" என்றாள். நான் கடையில் மீதிச் சில்லறை கேட்கவே தயங்குகிறவள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றேன். நாகம்மா உள்ளே யாரிடமோ தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"யாரும்மா?"

"எதிர் வீட்டு விஜயாவோட அக்கா."

"அக்காவா? சத்தமே வரல உன் வாயிலேர்ந்து. அவ பேசுனா தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

போனை நீட்டினேன். வாங்கி வெகுநேரம் பார்த்தார். "மூக்குத்திகூடத் தெரியுது" என்றார். பிறகு முகம் மாறியது. "இது ஆவாதும்மா."

"ஏங்கம்மா?"

"நான் ஒண்டியா புடிச்சிக்கினு நிக்கிறேன் பாரு. இன்னொரு முனை எங்க? வந்தவங்க எங்க? பாக்கறவங்க இன்னா நினைப்பாங்க? ஒத்த ஆளுகூட எட்டிப் பாக்காத வீடுன்னு நினைப்பாங்க. எங்க ஊட்ல சாவு விழுந்த மாசம்கூட பாவு ஒண்டியா நின்னதில்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாவு என்பது சேலையின் நீளவாக்கில் ஓடும் நூல்கள். தறியில் ஏற்றும் முன் விடியற்காலையில் அதைத் தெருவில் நீளமாக விரித்து, கஞ்சி தெளித்து, சிக்கெடுப்பார்கள். ஒருவரால் முடியாத வேலை. யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கழி நடும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தவர் வந்து பிடிப்பார். விஜயா ஜன்னலிலிருந்து எடுத்ததால் மறுமுனை சுவருக்குப் பின்னால் போய்விட்டது.

நாகம்மா போனைத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு எங்க பாவு தெருவுக்கு வருது. முழுசா எடுக்கணும். நீ மேல ஏறி எடு. மறுமுனைய உன் தங்கச்சி வந்து புடிக்கட்டும். வந்தா படம். வரலன்னா இல்ல."

விஜயா பொரிந்து தள்ளினாள். "நான் போவமாட்டேன். படமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"வண்டிய உட்டவன் நான்தானே. நான் போய்ப் புடிக்கட்டுமா?" என்றார் அவள் வீட்டுக்காரர்.

"நீ போனா மறுபடியும் அறுத்துட்டு வருவ."

அதற்குமேல் அன்று அந்தப் பேச்சே இல்லை. தெருவில் தன் வீட்டுப் படம் மட்டும் இல்லாமல் போகப்போகிறது என்று அவள் நினைப்பது, சாதம் பரிமாறிய விதத்திலேயே தெரிந்தது.

ஞாயிறு, காலை ஐந்தரை. நான் மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் போனும் கையுமாக நின்றேன். தெருவில் இன்னும் சரியாக நிறம் வரவில்லை. கழி நட்டார்கள். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. மயில்கழுத்து நிறப் பாவு அவிழ்ந்து நீண்டுகொண்டே போனது. தெருவுக்குள் யாரோ ஒரு சிறு கால்வாயைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது. ஆட்கள் சத்தமில்லாமல் கரையோரம் நடப்பவர்கள் மாதிரி நடந்தார்கள். கோயில் மணி ஒன்று எங்கோ கேட்டது. பால்காரர் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி, இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போனார். எங்கள் கதவு மட்டும் மூடியே இருந்தது. இது கனவாக இருந்தால் இந்த இடத்தில்தான் விழிப்பு வரும் என்று தோன்றியது.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. விஜயா தலைமுடியை முடிந்துகொண்டே வந்தாள். மறுமுனையைப் பிடித்திருந்தவர் அதை அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

"தளர உடாத" என்றார் நாகம்மா, அந்தக் கோடியிலிருந்து.

"இழுத்துத்தான் புடிச்சிக்கினு இருக்குறேன்" என்றாள் இவள், இந்தக் கோடியிலிருந்து.

வெயில் பாவின் மேல் விழுந்தது. நான் எடுக்கப் பார்த்தால் பாவு படத்துக்குள் அடங்கவில்லை. தொட்டியில் முதுகு இடிக்கும் வரை பின்னால் போனேன். அப்போதும் ஒரு முனை வெளியே. கடைசியில் போனைச் சாய்த்துப் பிடித்தேன். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பாவு ஓடியது. இரண்டு மூலையிலும் நக அளவுக்கு இரண்டு பெண்கள்.

மாலை ஐந்து மணிக்குப் படங்கள் கயிற்றில் ஏறின. ஊடு நூல் சுற்றும் கைகள், பூனை தூங்கும் தறிக்குழி, தேர்தல் மையோடு ஒரு விரல், தேவாலயத்துக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம். தினமும் நடக்கும் தெருவில் எல்லோரும் வெளியூர்க்காரர்களைப் போல நின்று நின்று பார்த்தார்கள். என் பெயரைப் படத்தின் கீழ் எழுத வேண்டாம் என்று சதீஷிடம் கேட்டுக்கொண்டேன். தெருவின் பெயரை எழுதினார்.

நாகம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். "இதுல நான் எதுடி?"

"கீழ் மூலையில இருக்குறது நீங்க. மேல இருக்குறது நானு" என்றாள் விஜயா.

"நான் ஏன் கீழ?"

"எங்க அக்காவ கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பூனைப் படத்தைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஏழு மணிப் பேருந்தில் திரும்பினேன். வாலாஜாபாத்தில் என் தெருவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் எனக்குத் தெரியும். அதைக் கேட்டு நான் வெளியே போனதில்லை. அவர்களும் வந்ததில்லை. சண்டை எதுவும் கிடையாது. எங்கள் தெருவைப் படம் எடுத்தால் என்ன தெரியும் என்று யோசித்தபடி கண்ணை மூடினேன். மயில்கழுத்து நிறம் இமைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் நான் வேலைக்குப் போய்ப் பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் வைத்தேன். மத்தியானம் விஜயா போன் செய்தாள். படங்களைக் கழற்றிவிட்டார்களாம். கயிற்றைத் துணி காயப்போட நாகம்மா எடுத்துக்கொண்டாராம், ஒரு முனை அவர் வீட்டு ஜன்னலில், ஒரு முனை இவள் வீட்டு ஜன்னலில்.