அக்காவுக்குக் கடல் பழக்கிய நாள்

ஏப்ரல் மாதம் நுவரெலியா வாவிக்கு வருகிறவர்களுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. மட்டக்குதிரையில் ஏறிக் கரையோரம் ஒரு சுற்று வரலாம். தூண்டிலைப் போட்டுவிட்டு, மீன் வராவிட்டாலும் கவலையில்லாமல் நிற்கலாம். புல்லில் விரிப்புப் போட்டுச் சாப்பிடலாம், படகு விடலாம், குளிரை விரும்பி அனுபவிக்கலாம். கொழும்பிலிருந்து அதற்காகத்தான் வருகிறார்கள். எங்களுக்குக் குளிர் என்பது ஈரம் காயாத படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு கொழுந்தெடுக்கத் தேயிலை மலை ஏறுவது. அந்த வாவிக்கு நாங்கள் ஒரே ஒரு தடவைதான் போனோம். அக்காவுக்குக் கடலைப் பழக்கப் போனோம்.

எண்பதுகளின் தொடக்கம். தோட்டத்து ஆட்களை இரண்டு நாடுகளும் பங்குபோட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தவர்கள் ஒவ்வொரு குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். டயகமப் பக்கம் எங்கள் லயத்து வரிசையில் மட்டும் மூன்று காம்பரா வீடுகளில் பூட்டுத் தொங்கியது. எங்கள் வீடு இலங்கைக்கு எழுதியிருந்தது. அக்காவைக் கட்டிய அத்தானின் வீடு இந்தியாவுக்கு. தாலியோடு சேர்ந்து அக்காவின் பெயரும் அந்தப் பக்கம் போய்விட்டது. பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. தலைமன்னார் வரை ரயில், அதற்கப்புறம் கப்பல், அக்கரையில் இராமேஸ்வரம். ரயில் வரைக்கும் அக்காவுக்குச் சம்மதம். கப்பலில் ஏறமாட்டேன் என்றாள்.

முந்தின வருடம் போன ஒருத்தியின் கடிதம்தான் காரணம். கப்பல் ஆடிய ஆட்டத்தில் குடல் வாய்க்கு வந்ததாக அவள் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை லயம் முழுக்க வாசித்தார்கள். அக்கா அறிந்த தண்ணீர் மலை ஊற்றிலிருந்து பீலியில் விழுகிற தண்ணீர். கணுக்காலுக்கு மேல் ஏறாத தண்ணீர்.

"கொளத்துல ஒரு வாட்டி ஏத்தி எறக்கிட்டா பயம் போயிரும்," என்றார் அத்தான். "கடலுங்கிறது என்ன, பெரிய கொளந்தானே?"

அவரும் கடலைப் பார்த்தவர் இல்லை. எங்கள் மலையில் யார்தான் பார்த்தார்கள்? ஆனால் லயத்தில் எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. அம்மா ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பலோடு கட்டிக் கொடுத்தாள். எனக்குப் பதினொரு வயது. நானும் வருவேன் என்று அழுது, அவர்களோடு பஸ் ஏறினேன். தலவாக்கலையில் இறங்கி மாறினோம்.

நான் ஏன் அழுதேன் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா இருட்டோடு மலைக்குப் போய்விடுவாள். எனக்குத் தலை பின்னியது, சோறு ஊட்டியது, காய்ச்சலில் நெற்றியில் கை வைத்தது எல்லாம் அக்கா. அவள் பயப்பட வேண்டும், பயந்து இங்கேயே இருந்துவிட வேண்டும். பஸ் முழுக்க எனக்கு இந்த ஒரே நினைப்புத்தான்.

வாவியில் கூட்டம். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தொப்பி போட்ட பெண்கள் குதிரைமேல் கத்திக்கொண்டே சிரித்தார்கள்.

"ஏறுறியா? அங்க போனா மாட்டு வண்டிதான்," என்றார் அத்தான்.

"குதிர ஒதைச்சா அது ஒங்களத்தான் ஒதைக்கணும். மொதல்ல ஒங்க கப்பலக் காட்டுங்க," என்றாள் அக்கா.

கப்பல் என்றால் துடுப்புப் போடுகிற சின்னப் படகு. நான் கரையில் ரொட்டிப் பொட்டலத்தோடு உட்கார்ந்தேன். சிங்களப் படகுக்காரர் கைகொடுத்து அக்காவை ஏற்றினார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தது கரையிலிருந்தே தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. படகு நடுவாவிக்குப் போய்த் திரும்பி வரும்போது அவள் கண் திறந்திருந்தது. கையைத் தண்ணீரில் விட்டு அளைந்துகொண்டு வந்தாள்.

"இம்புட்டுத்தானா கடலு?" என்று கரை சேருமுன்பே சிரித்துக்கொண்டு கத்தினாள். "ஏய், நீயும் வாடி!"

அந்தச் சிரிப்பில் அவள் போய்விட்டாள். ரயில், கப்பல், இராமேஸ்வரம் எல்லாம் கடந்து அந்தப் பக்கம் நின்றாள்.

இரண்டாவது சுற்றில் நானும் ஏறினேன். அக்காவுக்கும் அத்தானுக்கும் எதிரில் என்னை உட்கார வைத்தார்கள். கரை சின்னதாகிக்கொண்டே போனது. காற்று எழும்பியது. தூரத்தில் ஒரு குதிரையைப் பார்க்கிறவள் மாதிரி எழுந்து நின்றேன். என் பாரத்தையெல்லாம் ஒரு பக்கம் போட்டேன். பிறகு மறு பக்கம்.

"நங்கி, வாடிவென்ன! வாடிவென்ன!" உட்காரச் சொல்லிப் படகுக்காரர் கத்தினார்.

மூன்றாவது முறையும் ஆட்டினேன்.

விளிம்பு சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. அக்கா பலகையிலிருந்து சரிந்து குப்புற விழுந்தாள். முழங்கால் கிழிந்தது, சேலை இடுப்பு வரை நனைந்தது. அவள் போட்ட சத்தம் மனுஷச் சத்தமாகவே இல்லை. அத்தான் அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டார். நான் உட்கார்ந்து, "பயந்துட்டேன், பயந்துட்டேன்" என்று அழுதேன். நல்ல அழுகை. எல்லோரும் நம்பினார்கள்.

கரையில் அவள் பல் கிட்டிப் போய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு குடும்பம் கேக் வெட்டியது. தூண்டில்காரருக்கு ஒரு மீன் மாட்ட, பிள்ளைகள் கை தட்டினார்கள். எங்கள் ரொட்டியை யாரும் பிரிக்கவில்லை.

பஸ்ஸில்தான் அக்கா வாய் திறந்தாள். "நான் வரல்ல."

"ஒரு வாட்டி ஆடுனதுக்கா?"

"இந்தக் கொளத்துலயே இப்பிடின்னா கடல்ல என்னங்க ஆகும்? என்னய விட்டுருங்க."

அத்தான் கத்துகிற மனிதர் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்குகிற நேரத்தில், "சரி, நான் மொத போயி ஒரு எடம் பாத்து வைக்கிறேன். அடுத்த கப்பலுக்கு மனசத் தேத்திக்க," என்றார்.

தாய் தகப்பனோடு அவர் போனார். ரயிலடியில் அக்கா அழவில்லை. அன்று என் தலையை வழக்கத்தைவிட அழுத்தி வாரினாள்.

முதல் கடிதம் ஒரு மாதத்தில் வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். "கப்பல் ஆடவே இல்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. நீ பயப்படாமல் வரலாம்."

"பொய்யி," என்றாள் அக்கா. "என்னயக் கூப்புடுறதுக்கு எழுதுறாரு."

நான் கடிதத்தை மடித்துக் கொடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவள் மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. டிரங்குப் பெட்டி வாங்கி, இரண்டு சேலையை மடித்தும் வைத்தாள். அதற்குள் வடக்கில் சண்டை முற்றிக் கப்பலை நிறுத்திவிட்டார்கள். பாஸ்போர்ட்டின் தவணை முடிந்தது. கடிதங்கள் மாதத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று மெலிந்தன. கடைசியில், அத்தான் அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று வேறு யாரோ எழுதினார்கள். அக்கா அதை என்னைத் திரும்ப வாசிக்கச் சொல்லவில்லை. அடுத்த நாள் விடியலில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்குப் போய், கொழுந்து எடுக்கப் பேர் பதிந்துகொண்டு வந்தாள்.

நான் அவளிடம் உண்மையைச் சொன்னபோது எனக்குப் பதினெட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். சுற்றி வளைக்காமல் சொன்னேன். நானாகத்தான் எழுந்தேன், நானாகத்தான் ஆட்டினேன், காற்றாலும் இல்லை பயத்தாலும் இல்லை என்றேன்.

அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் இதை இன்று எழுத வேண்டியிருக்காது.

அவள் துவைக்கிற கையை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. "அப்ப கப்பல் ஆடலேன்னு அவரு எழுதுனது நெசந்தானா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

துணியைப் பிழியாமலே அள்ளிக்கொண்டு லயத்துக்கு ஏறினாள். வழி முழுக்க ஈரம் சொட்டியது.