ஒரு சொல்லுக்கு நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள்

பேருந்தின் கதவைத் திறந்ததும் ஓட்டுநர் ரெஜ் முதலில் பார்ப்பது சிரில் டட்டனின் கோட்டுப் பையை. பென்சில் பைக்குள் இருந்தால் தாராளமாகப் பேசுவார். கைக்கு வந்துவிட்டிருந்தால் ஒவ்வொரு சொல்லையும் அளந்து வைப்பார்.

"நாளைக்கு எட்டு பத்து பஸ் வராது, மிஸ்டர் டட்டன். அதாவது, கிளம்பாது. இயங்காது. போதுமா?"

"இதுக்கு வேற ஒரு சொல் இருக்கே, ரெஜ்."

"இருக்கு. என் வாயிலேருந்து மட்டும் வராது. போன தடவை தெரியாம சொல்லிட்டு, நீங்க எழுதி முடிக்கிற வரைக்கும் நின்னு, பதினோரு நிமிஷம் லேட்டாப் போய்ச் சேர்ந்தேன்."

"ஒன்பது நிமிஷம்" என்று திருத்திவிட்டு சிரில் ஏறி உட்கார்ந்தார்.

அந்தச் சொல் 'ரன்'; ஓடுவதில் தொடங்கி நூறு பொருள் தரும் ஆங்கிலச் சொல். ஹாக்பி கிராமத்தில் அதை இப்போது யாரும் உரக்கச் சொல்வதில்லை.

சிரிலுக்கு வயது எழுபத்தொன்று. முப்பத்தெட்டு ஆண்டுகள் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். ஓய்வு பெற்ற மறு வாரமே, பெரிய அகராதி ஒன்றுக்குச் சொற்கள் திரட்டித் தரும் தொண்டர்களில் ஒருவராகச் சேர்ந்தார். அழகான சொற்களையெல்லாம் மற்றவர்கள் முன்பே எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கைவைக்காமல் கிடந்தது 'ரன்'. வேலை எளிது. அச்சில் அந்தச் சொல் எங்கே வந்தாலும், அது வரும் வாக்கியம், எழுதியவர் பெயர், இதழின் பெயர், தேதி, பக்கம் ஆகியவற்றை வெள்ளைச் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். வாயால் சொன்னது செல்லாது. செல்லாததையும் சிரில் மஞ்சள் சீட்டில் எழுதி வைத்துக்கொள்வார். துப்புக் கிடைக்கும் அல்லவா.

மாடி அறையில் நாற்பத்தாறு காலணிப் பெட்டிகள். மூக்கு ஒழுகுவது ஒரு பெட்டி. கிரிக்கெட்டில் எடுப்பது ஒரு பெட்டி. கோழிகள் உலாவ வலை கட்டிய இடம் ஒரு பெட்டி. பெண்களின் காலுறையில் இழை விட்டுப்போவது, துணியில் சாயம் கலைவது, கடையை நடத்துவது, நாடகம் நூறு நாள் நடப்பது, எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பெட்டி. இங்கிலாந்தில் ஒருவர் தேர்தலில் நிற்கிறார். அதையே அமெரிக்காவில் செய்தால் ஓடுகிறார். அந்தப் பெட்டியின் மேல் 'கடல் கடந்தது' என்று ஒட்டியிருக்கிறார்.

இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு வெள்ளைச் சீட்டுகள் போயிருக்கின்றன. நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் திரும்பி வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே வரி: 'நன்றி. இந்தப் பொருள் எங்களிடம் முன்பே உள்ளது.'

ஊர்க்காரர்கள் இதற்குள் பேசவே வேறு விதமாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இறைச்சிக் கடைக்காரருக்கு ஜலதோஷம் பிடித்தால் மூக்கு 'கசியும்'. கிரிக்கெட் திடலில் 'புள்ளி' எண்ணுகிறார்கள். சிரிலின் மனைவி மேவிஸ் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார்: "சிரில், குழாய் வழியுது. கொட்டுது. ஊத்துது. பென்சிலை வெச்சுட்டு வந்து மூடு!"

சென்ற ஜூன் மாதம் பதினான்காம் தேதி அகராதிக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. 'ரன்' பகுதியை முடித்து அச்சுக்கு அனுப்பப்போகிறார்கள். ஜூலை ஆறு, வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராத சீட்டு சேராது.

இரவு உணவின்போது சிரில் கரண்டியைக் கீழே வைத்தார். "ஒண்ணே ஒண்ணு போதும், மேவிஸ். வெறும் 'நன்றி'ன்னு ஒரு அட்டை வரணும். 'இருக்கு'ன்னு சொல்லாம."

சிரிலின் மனத்தில் இருந்த மஞ்சள் சீட்டுதான் மேவிஸின் மனத்திலும் இருந்தது. ஹாக்பிப் பெண்கள், காய்ச்சியும் உறையாமல் தண்ணீராய்ப் போன ஜாமை 'ரன்' என்பார்கள். அடுப்பங்கரையில், குரலைத் தாழ்த்தி. உலகத்தில் வேறு எங்கும் அப்படிச் சொல்வதாக சிரில் படித்ததில்லை. ஆனால் அச்சில் அது வரப்போவதுமில்லை. தன் ஜாம் உறையவில்லை என்று அச்சில் ஒப்புக்கொள்ளும் பெண் ஹாக்பியில் இன்னும் பிறக்கவில்லை. மேவிஸோ ஊர்க் கண்காட்சியில் பதினோரு ஆண்டுகளாக ஜாமுக்கு முதல் பரிசு வாங்குகிறவர்.

ஜூன் இருபத்தேழில் மேவிஸ் ஸ்ட்ராபெரி ஜாம் காய்ச்சினார். சிரில் வழக்கம்போல் குறிப்பேட்டில் எழுதினார்: 'ஐந்து பாட்டில். கொதித்தது 14 நிமிடம். உறைந்தது நன்று.'

மறுநாள் மேவிஸ், தேவாலய மாத இதழை நடத்தும் ஹில்டா கிராப்ட்ரீயிடம் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். ஹில்டா பதினோரு ஆண்டுகளாக இரண்டாம் பரிசு வாங்குகிறவர்.

"நிஜமாவா, மேவிஸ்? உன் பேரோடயேவா? வேணாம்னா இப்பவே சொல்லிடு" என்று ஹில்டா மூன்று முறை கேட்டார். நான்காவது முறை கேட்கவில்லை. மூன்றாம் பக்கத்தில், பெரிய எழுத்தில், கட்டம் கட்டிப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இதழ் வீட்டுக்கு வந்தது. ஆனால் சிரில் எதையும் வந்த வரிசையில்தான் படிப்பார். இதழுக்கு முன்னால் ஒன்பது நாளிதழ்களும் ஒரு விதைப் பட்டியலும் காத்திருந்தன. மேவிஸ் தூசு தட்டும் சாக்கில் இதழை மேலே எடுத்து வைப்பார். சிரில் அதைக் கீழே, அதன் இடத்தில் செருகுவார். வாயால் சொல்லவும் முடியாது. சொல் திரட்டுபவர் தானாகக் கண்டெடுத்தால்தான் அது கண்டெடுப்பு என்பது சிரில் தனக்குத்தானே விதித்துக்கொண்ட சட்டம்.

"அந்த விதைப் பட்டியல்ல அப்படி என்னதான் இருக்கு?" என்று புதன்கிழமை மேவிஸ் கேட்டார்.

"இப்போதான் முட்டைக்கோஸ்."

"ஐயோ கடவுளே!"

வியாழக்கிழமை மாலை நான்கு பன்னிரண்டுக்கு சிரில் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். 'இந்த ஆண்டு என் ஸ்ட்ராபெரி ஐந்து பாட்டிலும் ரன். கண்காட்சிக்கு வைக்கப்போவதில்லை. மேவிஸ் டட்டன்.'

வெள்ளைச் சீட்டை எடுத்து, ஒரு புள்ளி விடாமல் எழுதி முடித்தார். உறையில் போட்டார். ஒட்டவில்லை. நான்கு நாற்பத்தைந்துக்குத் தபால் வண்டி போய்விடும்.

"மேவிஸ், இது உண்மையில்லையே."

"அச்சுல இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"தேதி, பக்கம்?"

"இருக்கு. ஆனா என் நோட்டுல 'நன்று'ன்னு இருக்கு. ரெண்டு பதிவு ஒண்ணுக்கொண்ணு முரண்பட்டு நிக்குது. எப்படி அனுப்புறது?"

"நாப்பத்து நாலு வருஷமா உன்னோட குடித்தனம் பண்றேன். இதைத்தான் சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா? நகரு."

மேவிஸ் கெட்டிலை எடுத்தார். ஐந்து பாட்டில்களையும் வரிசையாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு குவளை வெந்நீரை ஊற்றி, மரக்கரண்டியால் கலக்கினார். ஐந்தாவது பாட்டிலின் முன் மட்டும் சற்று நின்றார்.

"ஹில்டாவுக்கு இந்த வருஷம் தலைகால் புரியாது" என்று சொல்லிவிட்டு அதையும் கலக்கினார்.

சிரில் குறிப்பேட்டில் 'நன்று' என்பதை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் 'மாலை 4.26, ரன்' என்று எழுதினார். பிறகு பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தட்டின் மேல் சாய்த்துப் பிடித்தார். நான்கு பாட்டில்களிலிருந்தும் சிவப்பாய் வழிந்தது. ஐந்தாவதில் அடியில் ஒரு கட்டி ஒட்டிக்கொண்டு யோசித்தது. சிரில் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கட்டியும் சறுக்கி வந்து தட்டில் விழும்வரை பாட்டிலைச் சாய்த்தபடியே நின்றார். அதன் பிறகுதான் உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்தார்.