எட்டுத் தொண்டை, ஒரு குதிரை

ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்த சட்டையில் இன்னும் குதிரை வாசம். இரண்டு தடவை துவைத்தாயிற்று. மூக்கருகே கொண்டுபோனால் போதும்... ஈர மணல், வியர்வை, எட்டுப் பெண்களின் குரல், எல்லாம் கிளம்பி வந்துவிடுகிறது.

தெரணியகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே செல்வி. இருபத்து நாலு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. கித்துல்கலையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றித் திரியும் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் சுனில், இரண்டு வருடமாக அவளுக்குச் சவாரி பழக்குகிறார். ஞாயிறன்று கொழும்பில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றப் போட்டி. அவளுக்கு அதுதான் முதல் போட்டி. வேனில் ஒரு சீட் காலி என்றார்கள். பத்திரிகைக்கு எழுதுகிற நான் சும்மா இருக்கிற ஆளா?

ஓட்டப்பந்தயம் என்று நினைத்துவிடாதீர்கள். மணல் பரப்பிய திடல். ஓரங்களில் எட்டு ஆங்கில எழுத்துகள். எழுத்துக்கு எழுத்து, குதிரையை நேராக, அழகாக நடத்திக் காட்ட வேண்டும். பார்வை இல்லாதவர்களுக்கு ஒவ்வோர் எழுத்தருகிலும் ஒருவர் நின்று குரல் கொடுக்கலாம். எழுத்தை மட்டும்! வேறு ஒரு சொல் வந்தாலும் செல்வி வெளியே.

குரல் கொடுக்க வந்தவர்கள் யார்? அவள் அம்மா லெட்சுமியும், கூடக் கொழுந்து எடுக்கும் ஏழு பேரும்.

"அக்கா, எழுத்து மட்டும். வேற கதா எபா, பேச்சே வேணாம்!" சுனில் கெஞ்சாத குறை.

"வாய மூடிக்கிட்டு மலையில நின்ன நாளே கெடையாது மாத்தயா," என்றார் அந்த ஏழு பேரில் ஒருவரான பாக்கியம். "இது எழுத்தில்ல, தண்டன."

ஆனால் வில்லங்கம் பேச்சால் வரவில்லை. மௌனத்தால் வந்தது.

திடலின் குறுக்கே செல்வி 'ஈ' எழுத்துக்கு வர வேண்டும். அங்கே நின்றது அம்மா. கறுப்புத் தொப்பியும் நிமிர்ந்த முதுகுமாக, மகள் குதிரைமேல் தன்னை நோக்கியே வருகிறாள்... லெட்சுமி அவளையே பார்த்து நிற்கிறார். வாய் திறக்கிறது, சத்தம் இல்லை.

குதிரை தயங்கியது. கோடு விலகியது. போச்சு!

அடுத்த எழுத்தில் நின்ற பாக்கியம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். "ஈ! ஈ! ஈ!" செல்வியின் கை கடிவாளத்தை ஒரு விரலளவு திருத்தியது. கோடு நேரானது. குதிரை 'ஈ'யில் திரும்புவதற்குள் பாக்கியம் மறுபடி தன் இடத்தில். "எச்! எச்!"

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். வேறு சொல் வந்ததா? இல்லை. ஆள் மாறக்கூடாது என்று விதி உண்டா? புரட்டிப் பார்த்தார்கள்... இல்லை!

"எப்புடிங்க தோணுச்சு?" என்று பாக்கியத்திடம் கேட்டேன்.

"இது ஒரு கேள்வியாங்க? பக்கத்து நெரையில கொழுந்து எடுக்குறவ பின்னுக்கு நின்னுட்டா, அவ நெரையிலயும் நாலு கை எடுத்து விட்டுத்தானே நாங்க மேல ஏறுவோம்?"

மூன்றாம் இடம். சான்றிதழில் 'தனிநபர் பிரிவு' என்று அச்சடித்திருந்தது. எட்டுத் தொண்டை, நாலு குளம்பு, ஒரு நேரான முதுகு — இதற்குப் பெயர் தனிநபராம்!

வேனில் செல்வி விடவில்லை. "ஏம்மா, வீட்டுல நீ கத்துனா அடுத்த தோட்டத்துக்குக் கேக்கும். அங்க போயி சத்தத்த எங்க வச்ச?"

லெட்சுமி பதக்கத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தெரணியகலை பஜாரில் இறங்கும்போது கேட்டேன்: "கொஞ்சம் கூட்டியே எழுதிடட்டுமா செல்வி?"

"வேணாம் அண்ணே. மூணாவதுன்னே எழுதுங்க. மீதி ரெண்டு எடத்தையும் நாங்களே போயி எடுத்துக்கிறோம்."